ஒன்பது நாள் போராடி வாங்கிய ஞாயிற்றுக்கிழமை... 1908-ல் தூத்துக்குடி சாமானியர்கள் சாதித்த கதை!

ஞாயிற்றுக்கிழமை என்றால் கொஞ்சம் கூடுதல் தூக்கம், கறிக்குழம்பு, சாப்பிட்டபின் இன்னொரு குட்டித் தூக்கம், சாயங்காலம் பீச். காலண்டரில் சிவப்பு எழுத்தில் அச்சாகி வருவதால், அந்த லீவு எப்போதுமே இருந்தது போலத் தோன்றும். ஆனால், தூத்துக்குடி பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு அது சும்மா வரவில்லை. 1908-ம் ஆண்டு, ஒன்பது நாள் கூலியை இழந்து அதை வாங்கினார்கள்.

இந்தப் போராட்டத்தை வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கைக் கதையில் ஒரு பக்கமாகப் பலரும் படித்திருப்பார்கள். இந்த வட்டாரத்தின் வரலாறே பெரும்பாலும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. கயத்தாறு என்றால் 1799-ல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன், ஒட்டப்பிடாரம் என்றால் வ.உ.சி., மணியாச்சி என்றால் வாஞ்சிநாதன். அந்தப் பெரிய பெயர்களோடு சேர்ந்து நின்ற மில் கூலிகள், சவரத் தொழிலாளர்கள், வண்டிக்காரர்கள் எல்லாம் எப்படி வாழ்ந்தார்கள்? எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள்?

கரிசல் பருத்தி வந்து சேர்ந்த ஊர்

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தூத்துக்குடியில் இருந்தவர்கள் சுமார் 28,000 பேர்தான். ஆனால், அந்தச் சின்ன ஊரில் எப்போதும் வெளியூர்க் கூட்டம் இருந்தது. மணியாச்சியிலிருந்து பிரிந்து வரும் ரயில் பாதை 1876-லேயே போடப்பட்டுவிட்டது. ரயிலில் வந்து இறங்கி, இங்கே கப்பல் ஏறி, கொழும்புக்குப் போவார்கள். வியாபாரிகளும் போனார்கள், இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன ஏழைகளும் போனார்கள். 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும் வரை, இலங்கைக்கான முக்கிய வாசல் இதுதான்.

கரையோரம் கடலில் ஆழம் கிடையாது. நீராவிக் கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகளும் ஆட்களும் தோணியில்தான் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டும். தோணிக்காரர்கள், சுமை தூக்குபவர்கள், உப்பளத்தில் வேலை செய்பவர்கள், மீன் விற்கும் பெண்கள் என ஊரில் பாதிப்பேரின் பிழைப்பு கடலை நம்பித்தான் இருந்தது.

மீதிப் பிழைப்பு கரிசல் காட்டிலிருந்து வந்தது. கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் விளைந்த பருத்தி தூத்துக்குடிக்கு வந்து, அரைக்கப்பட்டு, பொதிகளாகக் கட்டப்பட்டு கப்பல் ஏறியது. வெளிநாட்டுச் சந்தையில் அந்தப் பருத்திக்கு 'டின்னவேலி' என்றே பெயர். அதில் ஒரு பகுதி ஊரிலேயே தங்கி நூலாகவும் ஆனது.

தண்ணீருக்கும் திண்டாட்டம்தான். தாமிரபரணித் தண்ணீர் வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாக ஊருக்கு வந்ததே 1920-களில்தான். அதுவரை குடத்தோடு அலைவதும் வீட்டுப் பெண்களின் அன்றாட வேலைகளில் ஒன்று.

கடல் கொடுத்த லீவு

முத்துக்குளிப்பவரின் வேலை நேரத்தை முதலாளி தீர்மானிக்க முடியாது. கடல் அமைதியாக இருக்க வேண்டும். அடியில் பார்வை தெளிவாகத் தெரிய வேண்டும். இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக இறங்கி, மூச்சு தாங்கும் வரை சிப்பி பொறுக்கி மேலே வர வேண்டும். சிப்பி விளையாத ஆண்டுகளில் முத்துக்குளிப்பே கிடையாது. அப்போது சங்கு குளிக்கப் போவார்கள், அல்லது மீன் பிடிப்பார்கள்.

தோணி காற்றைப் பார்த்துக் கிளம்பும். உப்பளம் மழை வந்தால் நின்றுவிடும். கடலோரக் கத்தோலிக்க மீனவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கமும் இருந்தது. ஆகஸ்ட் 5-ம் தேதி பனிமய மாதா திருவிழா என்றால் ஊரே கோயில் வாசலில் நிற்கும். வருமானம் நிச்சயமில்லாத, ஆபத்தான பிழைப்புதான். ஆனாலும் காற்றும் மழையும் திருவிழாவும் மனிதர்களுக்கு ஓய்வு கொடுத்தன.

நிற்காத இயந்திரம்

1880-களின் இறுதியில் ஊருக்குள் வந்த கோரல் மில் இந்தக் கணக்கை மாற்றியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்களின் நிறுவனம் நடத்திய பஞ்சாலை அது. நூற்பு இயந்திரத்துக்குக் காற்று, மழை, திருவிழா எதுவும் கிடையாது. அது ஓடும் வரை ஆளும் நிற்க வேண்டும்.

அன்றைய சட்டம் என்ன சொன்னது? 1891-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டப்படி, பெண்களை ஒரு நாளைக்கு 11 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். 9 வயது நிரம்பிய குழந்தையை 7 மணி நேரம் வேலைக்கு வைக்கலாம். வயதுவந்த ஆண்களுக்கு நேர வரம்பே இல்லை. பஞ்சாலை ஆண் தொழிலாளிக்கு 12 மணி நேரம் என்ற வரம்பு வந்ததே 1911-ல்தான்.

அதே 1891 சட்டத்தில் வாரம் ஒருநாள் விடுமுறையும் எழுதப்பட்டிருந்தது. ஆனால், 17 ஆண்டுகள் கழித்து கோரல் மில் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமான ஒன்று, அதே வார விடுமுறை. காகிதத்தில் இருந்த லீவு, மில் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பிப்ரவரி 27, 1908

அந்த நேரத்தில் தூத்துக்குடியில் சுதேசிப் பேச்சு சூடாக இருந்தது. 1906 அக்டோபரில் வ.உ.சி. முயற்சியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மொத்த மூலதனம் 10 லட்ச ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்கள் வந்ததும், கொழும்பு டிக்கெட்டுக்கு இரண்டு கம்பெனிகளும் போட்டி போட்டு விலையைக் குறைத்தன. வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து நிற்க முடியும் என்பதை ஊர்மக்கள் கண்ணால் பார்த்தார்கள்.

1908 பிப்ரவரி 23-ம் தேதி, கோரல் மில் தொழிலாளர்களின் குறைந்த கூலியைப் பற்றியும், அவர்கள் படும் பாட்டைப் பற்றியும் வ.உ.சி. பொதுக்கூட்டத்தில் பேசினார். நான்கே நாளில், பிப்ரவரி 27-ம் தேதி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை, மற்ற விடுமுறை வசதிகள் ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள்.

அப்போது தொழிற்சங்கம் என்ற ஒன்றே இங்கு கிடையாது. சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது 1918-ல். சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 1926-ல். அன்றன்றைய கூலியில் அடுப்பு எரிந்த வீடுகளில், வேலைநிறுத்தம் என்றால் மறுநாளே பட்டினி. அதைத் தாங்கிப் பிடித்தது ஊர்தான். 28,000 பேர் வாழும் ஊரில் ஆயிரம் பேர் வேலைக்குப் போகவில்லை என்றால், அவர்கள் யாருக்கும் அந்நியர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர், கடையில் பற்று வைத்திருப்பவர்! ஊர்மக்கள் சாப்பாட்டுக்கு உதவினார்கள். சிலருக்கு வேறு கூலி வேலை ஏற்பாடானது. வ.உ.சி. தன் கைப்பணத்தையும் செலவழித்தார்.

பாதியில் நின்ற சவரக் கத்தி

அந்த நாள்களைப் பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் சம்பவம் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஒரு வக்கீல் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பேச்சுவாக்கில் அவருடைய நிலைப்பாடு தெரியவந்ததும், சவரத் தொழிலாளி கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வக்கீலுக்குப் பாதி முகத்தில்தான் சவரம் முடிந்திருந்தது.

கேட்கச் சிரிப்பு வரும். ஆனால், அந்தத் தொழிலாளியின் இடத்தில் இருந்து பார்த்தால் விஷயம் வேறு. வக்கீல் வீடு என்பது நிரந்தர வரும்படி. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்த ஒருவர், மேலே இருந்தவரின் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்கிறார். அவர் மில்லில் வேலை செய்பவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு அவருக்குக் கிடைக்கப்போவதும் இல்லை.

மார்ச் 6-ம் தேதி, கோரிக்கைகளை ஏற்கத் தயார் என்று மில் தரப்பிலிருந்து செய்தி வந்தது. வ.உ.சி. 50 தொழிலாளர்களை அழைத்துக்கொண்டு மேலாளர்களைச் சந்தித்தார். கூலியை உயர்த்தவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுக்கவும் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ஒன்பது நாள் வேலைநிறுத்தம் வெற்றியில் முடிந்தது. கோரல் மில்லைப் பார்த்து, ஊரில் இருந்த மற்ற ஐரோப்பிய கம்பெனித் தொழிலாளர்களுக்கும் கூலி கூடியது. நடத்தும் விதமும் கொஞ்சம் மாறியது.

வெற்றிக்குக் கொடுத்த விலை

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. மார்ச் 12-ம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள், பள்ளிகள் மூடப்பட்டன. நகராட்சி அலுவலகம், தபால் அலுவலகம், போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக இல்லை. தங்களுக்காகப் பேசியவர்களைச் சிறையில் அடைத்ததற்காக! சவரத் தொழிலாளர்கள், சலவைத் தொழிலாளர்கள், ஜட்கா வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். இந்தியாவின் முதல் அரசியல் வேலைநிறுத்தம் என்று இதைக் குறிப்பிடுவது உண்டு. திலகர் தண்டிக்கப்பட்டபோது பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியது, அதே ஆண்டு ஜூலையில்தான்.

ஜூலை 7-ம் தேதி வந்த தீர்ப்பில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, சிவாவுக்கு 10 ஆண்டுகள். வ.உ.சி.யின் தண்டனை பிறகு குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் சுதேசிக் கப்பல் கம்பெனி நொடித்துப்போயிருந்தது. ஊர்மக்களும் தப்பவில்லை. கூடுதல் போலீஸ் நிறுத்தப்பட்டு, அதற்கான செலவு அவர்கள் தலையிலேயே வரியாக விழுந்தது. கலக வழக்குகளில் சாதாரண மனிதர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். அந்தச் சாமானியர்களையும் வரலாற்றில் பதிவுசெய்த ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு, 2024-ம் ஆண்டுக்கான சாகித்திய அகாடமி விருது கிடைத்தது.

இன்னும் முடியாத கணக்கு

தூத்துக்குடிக்கு முன்பே இப்படி ஒரு வெற்றி உண்டு. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடி, 1890 ஜூனில் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். பின்னால் சட்டமும் மெதுவாக மாறியது. 1922-ல் வாரத்துக்கு 60 மணி நேரம், 1948-ல் 48 மணி நேரம் என வேலை நேரம் குறைந்தது.

ஆனால், இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 2021-ல்தான். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று வாபஸ் பெறப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாம் ஆர்டர் செய்யும் பிரியாணியை வெயிலில் கொண்டுவந்து கொடுக்கும் இளைஞருக்கு, லீவு போட்டால் அன்றைய வருமானம் போச்சு. 1908-ல் மில் வாசலில் நின்றவர்களுக்கு இருந்த அதே கணக்குதான் அது.

தூத்துக்குடியில் வ.உ.சி.க்குச் சிலை இருக்கிறது. துறைமுகத்துக்கும் அவர் பெயர்தான். அவரோடு மேலாளர் அறைக்குள் போன அந்த 50 தொழிலாளர்களுக்கும், கத்தியை மடித்து வைத்த அந்தச் சவரத் தொழிலாளிக்கும் சிலை கிடையாது. அவர்கள் பெயரைச் சொல்ல, வாராவாரம் வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருக்கிறது.