தொழிலைக் கேட்டதும் அடைபடும் கதவுகள்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது எம் முன்னோர் வாக்கு. இலண்டன் மாநகருக்கு வந்து சேர்ந்த எம்மவர் பலருக்கு அந்தத் தனி வளை எளிதில் வாய்ப்பதில்லை. முதலில் ஒரு நண்பரின் அறையில் நால்வரோடு ஐவராய் ஒதுங்குகிறார்கள். பின்னர் உறவினர் வீட்டின் மேல்மாடி அறைக்கு மாறுகிறார்கள். திறப்பு ஒன்று தம் கையிலேயே இருக்கும் வீட்டைத் தேடிப் புறப்படும் நாள் அதற்குப் பிறகுதான் வருகிறது. எத்தகைய கேள்விகள் தம்மை எதிர்கொள்ளும் என்பதை அன்றுதான் அவர்கள் அறிகிறார்கள்.

கிழக்கு இலண்டனில் சிகையலங்காரத் தொழில் செய்யும் ஓர் அன்பர் அண்மையில் எம்மோடு மனந்திறந்து பேசினார். அவரது பெயரும் ஊரும் இங்கே வேண்டியதில்லை. சலூன் ஒன்றில் கதிரை ஒன்றை வாரவாடகைக்கு எடுத்துச் சொந்தமாக உழைப்பவர் அவர். மனைவியும் ஆறு வயது மகளும் வந்து ஓராண்டாகியும் மூவரும் உறவினர் வீட்டின் ஓர் அறையிலேயே குடியிருந்தனர். பிள்ளை உறங்கியபின் விளக்கை அணைத்துவிட்டு, இருவரும் இருளில் மெதுவாகப் பேசிக்கொள்வார்களாம்.

தமிழ்க் கடை ஒன்றின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ‘வீடு வாடகைக்கு’ என்னும் அட்டையைக் கண்டு அவர் தொலைபேசி எடுத்தார். உரிமையாளர் எம்மவரே. அன்போடு வரவேற்று வீட்டைச் சுற்றிக் காட்டியவர், படியிறங்கும்போது கேட்டார்:

“தம்பி என்ன வேலை செய்யிறியள்?”

“சொந்தத் தொழில், ஐயா.”

“என்ன தொழில்?”

“சலூனிலை தலைமயிர் வெட்டுறன்.”

சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் அடுத்த கேள்வி வந்தது. “ஊரிலை எவடம்? எந்தக் கோயிலடி? அப்பாவுக்கும் இதுதானோ தொழில்?”

“வீடு வேறை ஆக்களுக்குக் குடுத்தாச்சு, தம்பி” என்ற விடை மறுநாட் காலையே வந்தது. ஆனால் கடைக் கண்ணாடியில் அந்த அட்டை மேலும் இரண்டு வாரங்கள் தொங்கியது. “அந்த ஐயா இப்பவும் மாதத்துக்கு ஒருக்கா என்னட்டைத்தான் தலைமயிர் வெட்ட வாறவர்” என்றார் அன்பர். அவர் குரலில் கோபமில்லை. களைப்பு மட்டுமே இருந்தது.

அவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதை நாம் கேட்கவில்லை. அது எமக்குத் தேவையில்லை. வாடகையை ஒழுங்காகப் பெற விரும்பும் வீட்டுக்காரருக்கும் அது தேவையில்லை.

கடல் கடந்து வந்த கேள்வி

யாழ்ப்பாணத்து மரபில் சிகைத் தொழிலாளர் இன்றி ஒரு குடும்பத்தின் நன்மை தீமை நிறைவுறுவதில்லை. மணமகனை அழகுபடுத்தவும் அவர் வேண்டும். இழவு வீட்டுக் கிரியைகளுக்கும் அவர் வேண்டும். ஆயினும் அழைத்த வீட்டுத் திண்ணையில் அவருக்கு இடமிருக்கவில்லை. சாதியின் பெயரால் பொதுவிடங்களில் மனிதரை விலக்குவதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இலங்கையில் 1957ஆம் ஆண்டிலேயே வந்தது. சட்டம் வந்தபின்னரும் தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறப்பதற்குப் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாம் வந்து குடியேறிய இந்நகரிலோ சிகைத் தொழிலுக்கு வேறொரு வரலாறு உண்டு. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1540இல், இலண்டனின் முடிதிருத்துநர் சங்கமும் அறுவை மருத்துவர் சங்கமும் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரே சங்கமாயின. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாயிருந்தவை 1745இற்றான் பிரிந்தன. முடிதிருத்துநர் சங்கத்தின் மண்டபம் இன்றும் இலண்டன் நகரின் நடுவே நிற்கிறது. இந்த நாட்டில் இத்தொழில் இழிவென்று எவரும் எமக்குச் சொல்லித்தரவில்லை. அந்த எண்ணத்தை எம் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவர்கள் நாமே.

வீடு மறுக்கப்படும் வேதனையும் எமக்குப் புதிதன்று. 1950களில் மேற்கிந்தியத் தீவினரும் எம் நாட்டவரும் அறை தேடி அலைந்தபோது, கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்னும் அறிவிப்புகளை யன்னல்களிற் கண்டனர். 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் பொதுவிடங்களோடு நின்றுவிட்டது. வீட்டு வாடகையில் இனப் பாகுபாடு காட்டுவதைச் சட்டவிரோதமாக்கியது 1968ஆம் ஆண்டின் சட்டமே. அந்தச் சட்டத்தின் நிழலில் வீடு பெற்று, பின்னர் வீடு வாங்கி, இன்று வீட்டுக்காரராய் நிற்கும் எம்மவர் அதே அறிவிப்பை வாயால் ஒட்டலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இனம், மதம், பால், உடற்குறை முதலியவற்றின் பெயரால் வீடு மறுப்பதைத் தடுக்கிறது. தொழில் அந்தப் பட்டியலில் இல்லை. ஒருவருடைய தொழிலை விரும்பாத வீட்டுக்காரர் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மறுத்தால், இச்சட்டம் துணைக்கு வராது.

ஆனால் “அப்பாவுக்கும் இதுதானோ தொழில்?” என்ற கேள்வி தொழிலைப் பற்றியதன்று, பிறப்பைப் பற்றியது. சாதியைச் சமத்துவச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டுமென 2013இல் பாராளுமன்றம் விதித்தது. 2018இல் அரசாங்கம் அவ்வாறு செய்யப்போவதில்லை என்றும், நீதிமன்றத் தீர்ப்புகளே போதுமென்றும் அறிவித்தது. அத்தீர்ப்புகளில் முதன்மையானது பெர்மிலா திர்க்கி என்னும் இந்தியப் பெண்ணின் வழக்கு. வீட்டுப் பணியாளராக மிகச் சொற்ப கூலிக்கு உழைத்த அவரது வழக்கில், சாதி என்பது பல சந்தர்ப்பங்களில் ‘இன மூலம்’ என்பதற்குள் அடங்கக்கூடும் என 2014 டிசம்பரில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. 2015இல் அவருக்கு 1,83,774 பவுண்கள் நிலுவைச் சம்பளம் வழங்குமாறு தீர்ப்பாகியது.

எம்மவர் பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. தாம் குடியிருக்கும் சிறு வீட்டில் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுவோருக்குச் சமத்துவச் சட்டம் சில விலக்குகளை அளிக்கிறது. இனப் பாகுபாட்டுக்கு அந்த விலக்கு இல்லை. வீடு மறுக்கப்பட்டவர் சம்பவம் நடந்த 6 மாதத்துக்குள் கவுண்டி நீதிமன்றத்தில் வழக்கிடலாம். சொல்லப்பட்ட வார்த்தைகளையும் நாளையும் நேரத்தையும் உடனே எழுதி வைத்து, குறுஞ்செய்திகளையும் அழியாமற் காப்பது முதற்படி. சிற்றிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் போன்ற அமைப்புகள் இலவசமாக ஆலோசனை வழங்குகின்றன.

இரண்டாவது கதவு

எம்மவர் கதவடைத்தபின் அன்பர் ஆங்கில முகவர் நிலையம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே எவரும் ஊரைக் கேட்கவில்லை. சம்பளச் சிட்டையைக் கேட்டனர். சொந்தத் தொழில் செய்பவரிடம் சம்பளச் சிட்டை ஏது?

இந்தக் கதவைத் திறக்கும் வழி உண்டு. வருமான வரித் திணைக்களத்துக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டுபவர், ‘எஸ்.ஏ.302’ எனப்படும் வரிக் கணிப்பையும் அந்த ஆண்டுக்கான வரிச் சுருக்கத்தையும் இணையத்திலிருந்தே பெறலாம். அவற்றோடு கணக்காளரின் கடிதம், கடந்த ஆறு மாத வங்கிக் கூற்று, முன்னைய வீட்டுக்காரரின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலான முகவர்கள் ஏற்பர். இங்கிலாந்தில் 2016 பெப்ரவரி முதல் வாடகைக்கு வருவோர் தம் குடியிருப்புரிமையையும் காட்ட வேண்டும். இணையவழி விசா உடையோர் அதற்குரிய பகிர்வு இலக்கத்தை முன்கூட்டியே எடுத்து வைப்பது நன்று.

பொதுவாக முகவர்கள் மாத வாடகையின் 30 மடங்கை ஆண்டு வருமானமாக எதிர்பார்க்கின்றனர். மாதம் 1,400 பவுண் வாடகையென்றால் ஆண்டு வருமானம் 42,000 பவுண் வேண்டும். எம் அன்பரின் கைக்கு ஆண்டில் ஏறத்தாழ 42,000 பவுண் வருகிறது. ஆனால் கதிரை வாடகை வாரம் 200 பவுண் வீதம் 10,400 பவுண். கத்தரி, இயந்திரம், காப்புறுதி முதலியவை 1,600 பவுண். எஞ்சும் இலாபம் 30,000 பவுண். முகவர் பார்ப்பது அந்த இலாபத்தையே. அதன்படி அவருக்கு மாதம் 1,000 பவுண் வாடகைதான் கட்டுப்படியாகும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். கையிற் காசாக வாங்கி, கணக்கிற் பாதியைக் காட்டாது விடும் வழக்கம் எம்மிடையே உண்டு. அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, மறைத்த பணம் வீடு தேடும் நாளில் எமக்கே பகையாகிறது. காட்டாத வருமானத்துக்கு வீடு கிடையாது. உறவினர் வீட்டு அறை வாடகையையும் கையிற் கொடுக்காமல் வங்கி மூலம் செலுத்தி வந்தால், ஒழுங்காக வாடகை கட்டியவர் என்பதற்கு அதுவே சாட்சியாகும்.

முன்னர் சம்பளச் சிட்டை இல்லாதவர்கள் ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கட்டி வீடு பெற்றனர். 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம் அதை மாற்றுகிறது. 2026 மே 1 எனக் குறிக்கப்பட்ட நாளிலிருந்து, இங்கிலாந்தில் புதிதாகக் குடிவருவோரிடம் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது. காரணமின்றி எழுப்பும் அறிவித்தலும் ஒழிகிறது. இது நன்மையே. ஆயினும் கடன்பட்டுச் சேர்த்த முற்பணத்தால் கதவைத் திறந்த பழைய வழி அடைபடுவதால், இனிப் பத்திரங்களும் பிணையாளருமே சொந்தத் தொழிலாளருக்குத் துணை. பிணையாளரிடம் வாடகையின் 36 மடங்கு வருமானத்தை எதிர்பார்ப்பது வழக்கம்.

வைப்புப் பணம் ஐந்து வார வாடகைக்கு மேற்படக் கூடாது என்பது 2019 முதல் சட்டம். 1,400 பவுண் வாடகைக்கு அது 1,615 பவுண் அளவில் அமையும். அப்பணத்தை 30 நாட்களுள் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும். பதியாவிடின் வாடகையாளர் அதன் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடு கோரலாம். எம்மவரிடமே வீடெடுக்கிறோம் என்ற நம்பிக்கையில் ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் இன்றிப் பணம் கொடுப்பதைத் தவிர்ப்பீர்.

ஒரு திறப்பு

அன்பருக்கு வழி திறந்தது வீட்டினுள்ளிருந்தே. மனைவி பகுதிநேர வேலையிற் சேர்ந்து ஆண்டுக்கு 12,000 பவுண் உழைக்கத் தொடங்கினார். இருவர் வருமானத்தையும் சேர்த்து விண்ணப்பித்தபோது கணக்கு 42,000ஐ எட்டியது. ஒரு படுக்கையறைத் தொடர்மாடி வீடு கிடைத்தது. படுக்கையறையை மகளுக்குக் கொடுத்துவிட்டு இவர்கள் முன்னறையிற் படுக்கிறார்கள். “இப்ப லைற்றைப் போட்டுக்கொண்டு கதைக்கலாம்” என்று சிரித்தார் அவர்.

விண்ணப்பப் படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டோம். வியாபாரம் என்று எழுதலாமென நண்பர்கள் சொன்னார்களாம். அவர் ‘சிகையலங்கரிப்பாளர்’ என்றே எழுதினாராம். முகவர் அதை ஒரு கேள்வியுமின்றிக் கணினியிற் பதிந்தார்.

வீட்டுக்காரராயிருக்கும் வாசகர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றே. வாடகை கட்டுவாரா, வீட்டைப் பேணுவாரா என்று கேளுங்கள். அதற்குரிய பத்திரங்களையும் கேளுங்கள். எந்தக் கோயிலடி என்று கேளாதீர்கள். ஊரையிழந்து வந்த எவரிடமும் கேட்கத் தகுந்த கேள்வியன்று அது.