கிட்டாருக்குள்ளே கம்ப்யூட்டர் இருந்தால், வாசிக்கிறது யார்?

இந்த வார எபிசோடில் மாடலிங் கிட்டார் பற்றி அவசரமா சொல்லிட்டு ஓடிட்டேன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

க்யிம்யிண்டைங்கில் எங்கள் வீட்டில் இப்போ இதுதான் சண்டை. சித்தப்பா பையன் தன் பழைய கிட்டாரை வித்துட்டு மாடலிங் கிட்டார் வாங்கணும்னு நிற்கிறான். சித்தப்பா வீணை கேட்டு வளர்ந்தவர். "ரெக்கார்டு பண்ணி வச்ச சத்தம்தானே வரும்? அப்புறம் நீ எதுக்குடா வாசிக்கணும்?" என்கிறார்.

கேள்வி நியாயமானது. ஆனால் உள்ளே நடப்பது வேற.

சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே காந்த பிக்கப் இருக்கும். அது இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் குரல் மாறும். மாடலிங் கிட்டாரில் ஒவ்வொரு கம்பிக்கும் பிரிட்ஜில் தனித்தனியா ஒரு பீசோ சென்சார். ஆறு கம்பி, ஆறு சிக்னல். அதை டிஜிட்டலாக்கி, வேறு இடத்தில் பிக்கப் இருந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி ஒரு சிப் கணக்குப் போட்டு மாற்றுகிறது.

ஒரு உதாரணம். 'ஏ' கம்பி 110 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கம்பி நீளத்தில் பிரிட்ஜிலிருந்து கால் பங்கு தூரத்தில் பிக்கப் இருந்தால், அந்தப் புள்ளியில் 440 ஹெர்ட்ஸ் அதிர்வு அசையாது. அதனால் பிக்கப்புக்கு அது கேட்காது. கோடில் இதைச் செய்வது எளிது: சிக்னலை ஒரு நகல் எடுத்து, சுமார் 2.27 மில்லிசெகண்ட் தாமதித்து, மூலத்திலிருந்து கழிச்சிடுங்க. 440 காணாமல் போயிடும். மரப்பெட்டியின் முழக்கத்துக்கு இன்னும் சில ஃபில்டர்கள். அவ்வளவுதான்.

கவனிங்க, இங்கே ரெக்கார்டிங் எதுவும் இல்லை. கிட்டார் சிந்தசைசர் என்றால், வாசித்த சுரம் எது என்று கண்டுபிடிச்சு வேறொரு சத்தத்தை எழுப்பணும். தடித்த கம்பியின் ஒரே ஒரு அதிர்வுக்கே 12 மில்லிசெகண்ட் ஆகும், அதனால் தாமதம் வரும், கமகத்தில் தடுமாறும். மாடலிங்குக்குச் சுரம் தெரியவே வேண்டாம். கம்பியை இழுத்தால் இழுத்தபடியே வரும். விரல் தப்பினாலும் அப்படியே வரும்!

ரோலண்ட் 1995-இல் விஜி-8 என்ற தனிப்பெட்டியில் இதைக் கொண்டுவந்தது. லைன் 6 நிறுவனம் 2003 வாக்கில் வேரியாக்ஸில் கிட்டாருக்குள்ளேயே வச்சது.

ஆனால் சித்தப்பா கேட்காத கேள்வி ஒன்று இருக்கு: கரண்ட். அந்த முதல் வேரியாக்ஸில் காந்த பிக்கப்பே கிடையாது. பேட்டரி தீர்ந்தால் மௌனம்தான். 2010-இல் வந்த ஜேம்ஸ் டைலர் வேரியாக்ஸில் காந்த பிக்கப்பும் சேர்ந்தே இருக்கு. நானும் ஒரு வீட்டு விசேஷத்தில் இப்படி மாட்டியிருக்கேன். நாள் பூரா கரண்ட் இல்லை, சார்ஜ் போட முடியலை. ஜெனரேட்டரில் ஆம்ப் ஓடுது, என் கையில் இருந்தது வெறும் கட்டை.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது: கடையில் முதலில் பேட்டரியைக் கழட்டிட்டு ஆம்பில் மாட்டு. சத்தம் வந்தால் மட்டும் விலை பேசு. அதுவரை பழைய கிட்டாரை விற்காதே.

சித்தப்பாவுக்குச் சொன்னது: வாசிக்கிறது அவன்தான். தப்பு பண்ணினால் அவனைத் திட்டலாம்.