சராசரி மழையை நம்பி முன்பணம் கட்டலாமா?

ஆவணி முகூர்த்தத்துக்குத் திறந்தவெளி லான் பிடிப்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். அதனால்தான் இத்தனை கடிதங்கள். பெரும்பாலானவற்றில் ஒரே கேள்வி: "சென்னையில் ஆகஸ்ட் மாதச் சராசரி மழை நவம்பரைவிட எவ்வளவோ குறைவு. மாலை வரவேற்பை வெளியில் வைக்கலாமா?" சராசரி, இயல்பு, திட்ட விலக்கம் என்று மூன்று எண்களில் எதைப் பார்ப்பது என்ற குழப்பமும் பலருக்கு இருக்கிறது.

மழை விஷயத்தில் மூன்றுமே உங்களுக்கு உதவாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு தேதிக்குப் பத்து ஆண்டு மழையளவை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுகளில் பூஜ்யம். மற்ற நான்கில் 1, 4, 5, 60 மி.மீ. மொத்தம் 70, சராசரி 7. ஆனால் அந்தப் பத்து ஆண்டில் 7 மி.மீ. பெய்த நாள் ஒன்றுகூட இல்லை. ஒரே ஓர் ஆண்டின் 60தான் சராசரியை அவ்வளவு தூரம் இழுத்துவிட்டது. திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, ஏறக்குறைய 18. பாடப்புத்தக முறைப்படி சராசரியிலிருந்து அதைக் கழித்தால் மைனஸ் 11 மி.மீ. மழை என்று வருகிறது! வெப்பநிலை சராசரிக்கு இரு பக்கமும் ஓரளவு சமமாகச் சிதறும். அங்கே திட்ட விலக்கம் வேலை செய்யும். மழைக்கு ஒரு பக்கம் பூஜ்யத்தோடு நின்றுவிடுகிறது, மறுபக்கம் நீண்டுகொண்டே போகிறது.

ஆகவே ஆண்டுகளை எண்ணுங்கள். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பதிவானால்தான் வானிலைத் துறை அதை மழை நாள் என்கிறது. நம் கணக்கில் பத்துக்கு மூன்று மழை நாட்கள். அவற்றில் இரண்டில் நாற்காலிகள் நனையும், விருந்தினர்கள் ஒதுங்கி நிற்பார்கள். மூன்றாவதில் சமையல் கொட்டகைக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். பத்தில் ஒரு முறை அப்படி நடக்கலாம் என்பதைத் தாங்க முடியுமா என்று குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள். 7 மி.மீ. என்ற எண்ணை வைத்து இந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது.

எண்ணும்போது இன்னொரு இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். இந்தியாவில் ஒரு நாளின் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. 12ஆம் தேதி இரவு 7 மணிக்குப் பெய்யும் மழை 13ஆம் தேதிக் கணக்கில் ஏறும். சென்னையின் ஆகஸ்ட் மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வரும் இடிமழை. பகல் வெயிலில் தரை கொதித்து, கடற்காற்றும் மேற்குக் காற்றும் மோதி மேகம் திரளும்போது வரவேற்பு நேரம் ஆகியிருக்கும். 2023 ஆகஸ்ட் 12 அன்று நடக்கவிருந்த ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி மழையால்தான் செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது. மாலை நிகழ்ச்சி வைப்பவர்கள் மறுநாள் தேதிக்கு நேரே உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அரசு அறிக்கைகளில் வரும் 'இயல்பு' என்ற சொல் உங்களுக்கு ஆறுதல் தர வேண்டியதில்லை. சராசரியைவிட 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பு மழைதான். பருவம் முழுக்க வர வேண்டியது நான்கே நாளில் கொட்டித் தீர்த்தாலும் பட்டியலில் அதே சொல்தான் நிற்கும். 2015 நவம்பரில் சென்னையில் 1,049 மி.மீ. கொட்டியது. அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. இப்படிப்பட்ட இரண்டு ஆண்டுகளைக் கூட்டி வகுத்தால் கிடைப்பது நடக்காத ஓர் ஆண்டு.

சராசரி குறைவான இடத்திலும் மாற்று ஏற்பாடு தேவை. அகமதாபாத்தில் மே மாதம் மழை அபூர்வம். அங்கேதான் 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம் மே 28 அன்று ஒரு பந்துகூட வீச முடியாமல் போனது. மாற்று நாளான 29ஆம் தேதியும் மழை குறுக்கிட்டு, சென்னை அணி 15 ஓவரில் 171 என்ற இலக்கைத் தொட்டபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. மாற்று நாளை முன்கூட்டியே வைத்திருந்ததால்தான் ஆட்டம் நடந்தது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எத்தனை ஆண்டுத் தரவு வேண்டும்? முப்பது, உங்கள் தேதிக்கு முன்னும் பின்னும் மூன்று நாட்களையும் சேர்த்தால் 210 நாட்கள் கிடைக்கும்.

நுங்கம்பாக்கம் வானிலை நிலையத் தரவா, மீனம்பாக்கம் நிலையத் தரவா? லானுக்கு அருகில் இருப்பது; இடிமழை பேட்டைக்குப் பேட்டை மாறும்.

இருபது நாள் முன்பே வானிலைச் செயலி சொல்கிறதே? ஒரு வாரத்துக்கு அப்பால் நம்ப வேண்டாம்.

பகல் நிகழ்ச்சி? சராசரி வெப்பநிலையில் புழுக்கம் தெரியாது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினா விமான சாகச நிகழ்ச்சிக்கு வந்த ஐந்து பேர் இறந்தார்கள். நிழலும் குடிநீரும் இல்லாமல் கூட்டம் கூட்டாதீர்கள்.

மழைக் காப்பீடு? எந்த நிலையம், எத்தனை மி.மீ., எந்த நேரம் என்று பத்திரத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எந்த வாரத்தில், மாலை எத்தனை மணிக்கு, முப்பதில் எத்தனை ஆண்டுகள் மழை பெய்தது என்று ஊர்வாரியான அட்டவணையை வானிலைத் துறை எளிய தமிழில் வெளியிட வேண்டும். அதுவரை, மழை வந்தால் உள்ளரங்கம் தருவதாக லான்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.