ஒளியை அளந்து வாங்குதல்



பள்ளி ஆண்டிறுதியில் எடுக்கும் குழுப்படத்தில் ஒரு பிள்ளையின் முகம் கலங்கிவிட்டால், அக்குறை என்றும் நீங்காது. கல்வராயன் மலையூர்களில் சில வீடுகளில் அப்பிள்ளையின் இளமைக்குச் சான்றாக நிற்பது அந்த ஒரு படமே. முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியாற்றிய எனக்கு, ஒளிப்படத்தின் கணக்கு வெறும் பொழுதுபோக்காகத் தோன்றியதில்லை.

கோமுகி அணையின் நீர் கழனிக்குப் பாயும் முறையை எண்ணிப் பாருங்கள். மடையை எவ்வளவு அகலத் திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம், நிலத்துக்கு எவ்வளவு நீர் போதும் என்னும் மூன்றைப் பொறுத்தே பாசனம் அமைகிறது. காமிராவிலும் அவ்வாறே. மடையின் அகலம் வில்லையின் துளை. திறந்திருக்கும் நேரம் ஷட்டர் வேகம். நிலத்தின் தேவை ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வு எண்.

வில்லையின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துப் பெறுவது எஃப் எண். ஆகவே, எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகக் குறையும். ஷட்டர் நேரத்தை 1/125 வினாடியிலிருந்து 1/250 ஆக்கினாலும் ஒளி பாதியே. ஐ.எஸ்.ஓ. எண்ணை 100இலிருந்து 200 ஆக்கினால் பாதி ஒளியே போதும். மூன்றும் ஒரே படிக்கணக்கில் இயங்குவதால், ஒன்றில் இழந்ததை மற்றொன்றில் ஈடுசெய்யலாம்.

ஆயினும் ஒவ்வோர் ஈட்டுக்கும் ஒரு விலை உண்டு. துளையைப் பெரிதாக்கினால், முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். நேரத்தை நீட்டினால் அசைவது கலங்கும். ஒளியுணர்வை மிகுத்தால் படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும்.

நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 என்றால், எஃப் 16, 1/125 வினாடி என்பது ஏறத்தாழப் பொருந்தும். பிள்ளைகளைப் புளியமர நிழலில் மூன்று வரிசையாக நிறுத்துகிறோம். அங்கே ஒளி எட்டில் ஒரு பங்கு என்று கொள்வோம். அதாவது மூன்று படி குறைவு. பிள்ளைகள் அசைவார்கள், எனவே 1/125ஐ மாற்றலாகாது. துளையை எஃப் 8 வரை திறந்தால் இரண்டு படி கிடைக்கும். மேலும் திறந்தால் கடைசி வரிசை மங்கக்கூடும். எஞ்சிய ஒரு படியை ஐ.எஸ்.ஓ. 200 தந்துவிடும். கணக்கு நேராயிற்று.

லின்னேயஸ் டிரைப் என்பார் 1857–58ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் சுற்றி, அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டையையும் மதுரை, தஞ்சைக் கோயில்களையும் படமெடுத்தார். அவர் பயன்படுத்திய மெழுகுத்தாள் நெகடிவ் ஒளியை மிக மெதுவாகவே ஏற்கும். ஆதலால் நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அசையாத கல் தெளிவாகப் பதிந்தது; அவ்வழியே நடந்து சென்றவர் பதிவதற்கில்லை.

இன்றைய கைபேசிகள் பெரும்பாலானவற்றில் துளை மாறாது. மற்ற இரண்டையும் கருவியே கூட்டிக் குறைக்கும். மாலை மங்கலில் ஓடும் குழந்தையின் படம் கலங்குவதும் புள்ளியிடுவதும் இதனாலேயே. குழந்தையை வாயிற்படியின் வெளிச்சத்துக்கு அழைத்து வந்தாலே பாதிக் குறை தீரும்.

கருவி ஒளியை அளக்கும். எதை இழக்கலாம், எதை இழக்கலாகாது என்று தீர்மானிக்க வேண்டியவர் படமெடுப்பவரே.