இசைத்தட்டுக்கு ஏற்ற உள்ளுறை

சரக்கைப் பார்ப்பதுபோல் கவரையும் பார்த்து வாங்குபவர்கள் நாம். இசைத்தட்டு விஷயத்தில் மட்டும் நான் ஏமாந்தேன்.

என்னிடமுள்ள 12 அங்குல எல்.பி. தட்டுகளின் காகித உள்ளுறைகள் கிழிந்து தூள் உதிர்ந்தன. அந்தத் தூள் ஊசியில் ஏறினால் பாட்டு கரகரக்கும். ஆகவே கனமான, கண்ணாடி போன்ற பி.வி.சி. உறைகளை வாங்கிப் போட்டேன். கனமாக இருந்தால் உசத்தி என்ற நினைப்பு! சில வருடம் கழித்து எடுத்தால் தட்டின் மேல் மூடுபனி போல ஒரு படலம். துடைத்தும் போகவில்லை, பாட்டுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். பி.வி.சி. வளைந்து கொடுப்பதற்காகக் கலக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து தட்டில் இறங்கிவிடுகிறது. தட்டும் பி.வி.சி. இனம்தானே, பற்றிக்கொள்கிறது.

நல்லது எது? எச்.எம். கவர் என்போமே, கசக்கினால் சரசரக்கும் மங்கல் வெள்ளை பாலித்தீன், அந்த இனம்தான். அதில் இந்த எண்ணெய்க் கலப்பு இல்லை. அதற்காகக் கடைக் கவரையே மாட்டிவிடாதீர்கள். தட்டுக்கென்று செய்ததை வாங்குங்கள். உள்ளே பாலித்தீன் வைத்த காகித உறையும் உண்டு. விறைப்பாக நிற்பதால் அட்டைக்குள் தள்ளுவது சுலபம்.

உறை மாற்றுமுன் தட்டைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மூட்டைபோல் அடுக்கினால் வளைந்துவிடும்.