மீத்திறன் மாணாக்கரைக் கண்டறிதல்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். யார் கண்ணுக்குத் தெரியும் என்பதே ஆசிரியராயினார் சிந்தித்தற்குரியது. இவ்வினாவிற்கு அமெரிக்க அரசாங்கப் பாடசாலைகளின் அனுபவம் ஓரளவு விடை பகர்கின்றது.

1921ஆம் ஆண்டிலே, ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து உளவியற் பேராசிரியர் லூயிஸ் டெர்மன் கலிபோர்ணியப் பாடசாலைகளில் மீத்திறன் வாய்ந்த சிறாரைத் தேடத் தொடங்கினார். வகுப்பில் அதிவிவேகி யார், அடுத்தவர் யார், வயதிற் குறைந்தவர் யார் என ஆசிரியரை வினாவி, அவர்கள் சுட்டியோரையே பெரும்பாலும் சோதித்தார். ‘அதிவிவேகி’ எனச் சுட்டப்பட்டோரிலும், வயதிற் குறைந்தோராய்ச் சுட்டப்பட்டோரிடையே தகுதிபெற்றோர் மிகுந்திருந்தனர். வகுப்பு இடாப்பைப் புரட்டியிருப்பினும் போதும் போலும்! சோதனைதானும் பிழையாததன்று. அதில் தேறாது விலக்கப்பட்ட வில்லியம் ஷொக்லி 1956இலும், லூயிஸ் அல்வாரெஸ் 1968இலும் பௌதிகத்துக்கான நோபல் பரிசினைப் பெற்றனர்.

புளோறிடா மாநிலத்துப் புறோவாட் மாவட்டத்தில் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அங்கு மீத்திறன் வகுப்பிற் சேர நுண்மதி ஈவு 130 வேண்டியிருந்தது. வறிய பிள்ளைகட்கும் ஆங்கிலம் பயிலத் தொடங்கியோர்க்கும் 116 போதுமாயிருந்தது. சலுகை இருந்தும் அவர்கள் அருகியே காணப்பட்டனர். ஏனெனில், ஆசிரியரோ பெற்றோரோ பெயர் கூறினாலன்றிச் சோதனை இருக்கவில்லை. வசதி படைத்த பெற்றோர் பணங்கொடுத்துத் தனியார் உளவியலாளரையும் நாடினர். ஏனையோர்க்கு அவ்வழி ஏது?

2005ஆம் ஆண்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவர்க்கும், மொழியறிவு வேண்டாத உருவச் சோதனையொன்று நடத்தப்பட்டது. அதில் உயர்ந்த புள்ளி பெற்றோர் நுண்மதிச் சோதனைக்கு அனுப்பப்பட்டனர். தகுதி எல்லை தளர்த்தப்படவில்லை; ஆயினும், மீத்திறனுடையோராய்க் காணப்பட்ட கறுப்பினப் பிள்ளைகளின் வீதம் நூற்றுக்கு 80ஆலும், ஹிஸ்பானியப் பிள்ளைகளின் வீதம் நூற்றுக்கு 130ஆலும் உயர்ந்தன. டேவிட் கார்ட், லோறா கியுலியானோ என்னும் பொருளியலறிஞர் இருவர் இதனை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர்.

கண்டறிந்தபின் செய்வது யாது? அம்மாவட்டத்தில், நாலாம் ஐந்தாம் வகுப்புகளில் மீத்திறன் பிள்ளை ஒருவர் இருப்பினும் தனிவகுப்பு அமைத்தல் வேண்டியிருந்தது. எஞ்சிய இடங்கள் அப்பாடசாலையிலேயே முந்திய ஆண்டுப் பரீட்சையில் முன்னின்றோர்க்கு வழங்கப்பட்டன. அவ்வாறு இடம்பெற்ற கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளே வாசிப்பிலும் கணிதத்திலும் பெரிதும் முன்னேறினர். நுண்மதி ஈவு 130 பெற்று நுழைந்தோரின் புள்ளிகளில் அத்தகைய ஏற்றம் காணப்படவில்லை.

2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை அடுத்து நிதி குறைக்கப்பட, அனைவர்க்குமான சோதனை நிறுத்தப்பட்டது. பெயர் கூறுவோரைச் சார்ந்திருக்கும் பழைய முறை மீண்டது. பழைய ஏற்றத்தாழ்வும் உடன் மீண்டது.