கைப்பிடிச்சுவரும் திருப்பயணப் பேருந்தும்

(வானொலி மறையுரை)



ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அதற்கு ஒரு மாதம் முன்பே நம் கடற்கரைப் பங்குகளில் அன்பியம் அன்பியமாகப் பெயர் எழுதத் தொடங்கிவிடுவார்கள். பாம்பனில், தங்கச்சிமடத்தில், மண்டபத்தில், தொண்டியில் எங்கும் இதே பேச்சுதான். எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு, பஸ்ஸா வேனா, யார் வண்டி? செபமாலையைப் பற்றியும் நேர்ச்சையைப் பற்றியும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று அந்த வாடகை வண்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். இதெல்லாம் மறையுரைக்கு உரிய பொருளா என்று சிலர் நினைக்கலாம்.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புது வீடு கட்டுகிறவனுக்கு அங்கே ஒரு கட்டளை இருக்கிறது. மொட்டைமாடியைச் சுற்றி அவன் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டு, யாராவது விழுந்து இறந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும். வழிபாட்டையும் காணிக்கையையும் பற்றிச் சொல்லும் அதே நூலில்தான் இந்தக் கொத்தனார் வேலையும் இருக்கிறது. விழுந்தவன் பார்த்து நடந்தானா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சுவர் வைத்தாயா என்று வீட்டுக்காரனிடம்தான் கேள்வி. பேருந்து பிடிக்கிற பங்குப்பேரவைக்கும் அன்பியப் பொறுப்பாளருக்கும் அதே கேள்வி உண்டு.

ரூட் பஸ்ஸில் வழி, நேரம், நிறுத்தம் எல்லாம் முன்பே முடிவானவை. நாம் பிடிக்கிற பஸ் அப்படியல்ல. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதை ஒப்பந்த ஊர்தி என்கிறது. ஒரு குழுவோடு முழு வண்டிக்கும் ஒரே ஒப்பந்தம். வழியில் கை காட்டுகிறவர்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கக் கூடாது. எப்போது புறப்படுவது, எங்கெங்கே போவது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் நம் விருப்பம். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. பயண நேரத்தை நாம் வகுக்கும்போது, ஓட்டுநர் எப்போது தூங்குவார் என்பதையும் சேர்த்தே வகுத்துவிடுகிறோம்.

நாம் போடுகிற திட்டத்தைச் சொல்கிறேன், உங்கள் ஊர்த் திட்டமும் இதுதானா என்று பாருங்கள். இரவு 9 மணிக்குத் தங்கச்சிமடத்தில் ஏறுகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓடி, விடியுமுன் வேளாங்கண்ணி. திருப்பலி, மொட்டை, கடற்கரை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பூண்டி மாதா. திரும்பும் வழியில் ஓரியூரில் அருளானந்தரைப் பார்க்காமல் வர முடியுமா? நள்ளிரவில் வீடு. "பாதர், ஒருநாள் வாடகையில முடிஞ்சிரும்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். கூட்டிப் பாருங்கள், 27 மணி நேரம். நாம் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டு போவோம். ஓட்டுநர்? காலை வெயிலில், வண்டிக்குள்ளேயே, கதவைத் திறந்துபோட்டு, ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே இரண்டு மணி நேரம் கண்ணயர்வார். நம் கணக்கில் அதுதான் ஓய்வு.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேறு கணக்குச் சொன்னது. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48. நெடுந்தூரத்துக்கும் திருவிழாக் காலத்துக்கும் அனுமதி பெற்றால்கூட நாளுக்கு 10 மணிக்கு மேல் இல்லை. தொடர்ந்து 5 மணி வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு. ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் இடைவிடாத 9 மணி நேர ஓய்வு. திருவிழாவை மனத்தில் வைத்தே எழுதிய சட்டம் இது. அப்படியும் 10 மணி என்று நிறுத்திவிட்டது.

2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு, பாலக்காட்டை அடுத்த வடக்கஞ்சேரியில் நடந்ததைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். எர்ணாகுளம் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து, முன்னே போன கேரள அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்தில் இருந்த மூவர் என்று ஒன்பது பேர் இறந்தார்கள். 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி தடுக்க வேண்டிய வேகக்கட்டுப்பாட்டுக் கருவியில் கைவைத்திருந்தார்கள். வண்டி 97 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடியது. அந்த ஓட்டுநர் வேளாங்கண்ணிப் பயணம் ஒன்றை முடித்துத் திரும்பிய கையோடு இந்தப் பயணத்துக்கு வந்தவர் என்று பெற்றோர் சொன்னதாகச் செய்தித்தாள்களில் வந்தது. நேயர்களே, நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஓட்டுநர் நேற்று இரவு எங்கே இருந்தார் என்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? கேட்டால், "அண்ணே, நம்ம பையன்தான், தூங்கவே மாட்டான்" என்று வண்டிக்காரர் பெருமையாகச் சொல்வார். தூங்காத மனிதனைக் கடவுள் படைக்கவில்லை.

காகித விஷயம் அதிகமில்லை. பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் நான்கும் நடப்பில் இருக்க வேண்டும். எட்டு ஆண்டு வரையுள்ள வண்டிக்கு எஃப்.சி. இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும். வண்டி எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும், நம் பிள்ளைகள் எம்பரிவாகன் செயலியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால்தான் அது வாடகைக்கு ஓடலாம். வெள்ளைப் பலகை வேன், சொந்தக்காரர் வண்டியாகவே இருந்தாலும், கூலிக்குப் போகக் கூடாது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாதானே என்று மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றுகிற குட்டி யானையில் தார்ப்பாய் விரித்துப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றுகிறோம். சரக்கு வண்டியில் பயணிகளாகச் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்தால் இழப்பீட்டுச் சுமை வண்டி உரிமையாளர் தலையில் விழும். பெரும்பாலும் அவரும் நம்மைப் போல ஒரு மீனவர்தான். இருப்பதை விற்றாலும் அவரால் கொடுத்து முடியாது. இரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் தெருவுக்கு வரும்.

அடுத்தது சமையல். பெரிய குழு என்றால் அடுப்பும் சிலிண்டரும் கூடவே ஏறிவிடுகின்றன, டீக்காவது வேண்டும் என்று. 2023 ஆகஸ்டு 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த ஒரு தனி வாடகைப் பெட்டி எரிந்தது. லக்னோவிலிருந்து தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்க வந்த யாத்திரிகர்கள் உள்ளே இருந்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரில் தேநீர் போட்டபோது தீப்பிடித்தது என்று ரயில்வே தெரிவித்தது. நம் பக்தியில் ஒரு குறையும் இல்லாத அவர்களைப் போன்றவர்கள்தான் நாமும். சிலிண்டர் பஸ்ஸில் ஏறக் கூடாது. சாப்பாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள், டீயை வழியில் குடியுங்கள். அவசர வழியின் முன்னால் அரிசி மூட்டையை அடுக்காதீர்கள்.

இதெல்லாம் நமக்குத் தெரியாத ஒழுங்கும் அல்ல. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகு ஏறும்போது பெயர்ப் பட்டியல் கொடுக்கிறோம், உயிர்காப்புச் சட்டை போடுகிறோம், படகைச் சோதிக்க விடுகிறோம். கூடுதலாக ஓர் ஆள் ஏறினாலே மூத்தவர்கள் சத்தம் போடுவார்கள். கடலுக்குப் பயப்படத் தெரிந்தவர்கள் தார்ச்சாலைக்கு வந்ததும் மாறிவிடுகிறோம். "சின்னப்புள்ளதானே பாதர், மடியில வச்சுக்கிறோம்" என்று 52 சீட்டில் எழுபது பேர் ஏறுகிறோம். அதிகப்படியான ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம் என்பது சட்டம். பிரேக் பிடிக்கும்போது மடியில் இருக்கும் பிள்ளை எங்கே போகும் என்பதை அந்த 200 ரூபாய் சொல்லாது.

ஆகவே முன்பணம் கொடுக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எந்த வண்டி, எத்தனை சீட், எந்தெந்த ஊர், டீசலும் டோலும் பேட்டாவும் யார் பொறுப்பு, வண்டி பழுதானால் மாற்று வண்டிக்கு யார் ஏற்பாடு செய்வது, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும். "சீட்டுக்கு மேல ஏத்த மாட்டேன், ராத்திரி ஓட்டம்னா ரெண்டாவது டிரைவர் வேணும்" என்று முறைக்கிற வண்டிக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சரி. இரண்டாவது ஓட்டுநருக்கு ஆகும் செலவைத் தலைக்குப் பிரித்தால் பெரிய தொகை வராது. அதுவும் முடியாத பங்கு, ஓரியூரை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளட்டும். நம் மாவட்டத்துத் தலம்தானே, பிப்ரவரியில் அவர் திருநாளுக்குப் போகலாம்.

வேளாங்கண்ணியில் அறை எடுக்கும்போது ஓட்டுநருக்கும் ஒரு கட்டில் சேர்த்து எழுதுங்கள், மின்விசிறியோடு. நாம் ஆலயத்துக்குள் இருக்கும் நேரத்தில் அவரை எழுப்பி வண்டியை நகர்த்தச் சொல்லாதபடி, சாவியை உதவியாளரிடம் கொடுத்துவிடாமல், முதலிலேயே சரியான நிறுத்துமிடத்தில் விடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு அவர் எழுந்தாரோ, அதற்குப் பிறகு வண்டி கிளம்பட்டும்.